ஸ்டார்ட் மெனுவில் அடிக்கும் பெயர் எங்கே போகிறது? சேலத்துக் கடைக் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலம் கலெக்டர் ஆபீஸ் பக்கத்து டி.டி.பி. கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். போன வாரம் பான் கார்டுக்கு விண்ணப்பித்த அம்மா, விண்ணப்ப நகல் வேண்டுமென்று திரும்ப வந்து நிற்கிறார். கம்ப்யூட்டரில் இருப்பவர் விண்டோஸ் பட்டனைத் தட்டி, "செல்வி குகை பான்" என்று அடிக்கத் தொடங்குகிறார் (குகை என்பது சேலத்தில் ஒரு பேட்டை). ஃபைல் இருப்பதோ மேஜைக்கு அடியில் உள்ள ஹார்டு டிஸ்கில். ஆனால் "செல்" என்று அடித்த உடனேயே பூதக்கண்ணாடிப் படம் போட்ட சில வரிகள் பட்டியலில் எட்டிப் பார்க்கின்றன: செல்போன் விலை, செல்வமகள் சேமிப்புத் திட்டம் என்கிற மாதிரி. இவை எதுவும் அந்த ஹார்டு டிஸ்கில் இல்லை. அடித்த எழுத்துகள் மைக்ரோசாஃப்டின் இணையத் தேடல் சேவையான பிங்கின் சர்வருக்குப் போய், பதில் திரும்பி வந்ததால்தான் அவை தெரிகின்றன.

என்டர் தட்டினால்தான் தேடல் போகும் என்று நினைப்பவர்கள் அதிகம். பரிந்துரை காட்டும் பெட்டி எதுவும் அப்படி வேலை செய்வதில்லை. அடிக்க அடிக்கவே எழுத்துகள் கிளம்பிவிடும். என்டர் தட்டுவதற்குள் அந்த அம்மாவின் பெயர், பேட்டை, எதற்காக வந்தார் என்பது மூன்றும் கடையை விட்டு வெளியே போயிருக்கும். அவர் சம்மதம் சொன்னது பான் விண்ணப்பத்துக்கு மட்டும்தான்.

இதை எப்படி மூடுவது, மூடியபின் உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதுதான் இங்கே விஷயம். அதற்கு முன் இது சரியா தப்பா என்று உலக அளவில் நடந்த வாதத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. எந்த ஸ்விட்சைத் தொட வேண்டும் என்பது அந்த வாதத்தில் நீங்கள் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது.

இரண்டு தரப்பு என்ன சொல்கிறது

வாதம் பெரிதாக வெடித்தது 2012 அக்டோபரில். விண்டோஸுக்குப் பதில் போட்டுக்கொள்ளும் இலவச லினக்ஸ் வகையான உபுண்டுவின் 12.10 பதிப்பு வெளியானபோது, அதன் டாஷ் தேடல் பெட்டியில் அடிப்பதெல்லாம் அதைத் தயாரிக்கும் கனானிகல் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், ஃபைல்களோடு சேர்த்து அமேசான் பொருள்களையும் காட்டியது. யாராவது வாங்கினால் கனானிகலுக்குக் கமிஷன். இலவசமாகக் கொடுக்கும் மென்பொருளை நடத்தப் பணம் வேண்டாமா என்பது ஒரு நியாயம். தேடுவது யார் என்று அமேசானுக்குச் சொல்வதில்லை, நாங்கள் நடுவில் நின்று கேட்டு வாங்கித் தருகிறோம் என்றார் உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த். உங்கள் கம்ப்யூட்டரின் முழு அதிகாரமும் ஏற்கெனவே எங்களிடம்தானே இருக்கிறது, பிறகு இதில் மட்டும் என்ன சந்தேகம் என்பதும் அவர் வாதம்.

எதிர்த்தரப்பில் சுதந்திர மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை நேரடியாக வேவு மென்பொருள் என்றே சொன்னார். இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு நுட்பமான ஒரு ஓட்டையைச் சுட்டிக்காட்டியது. தேடல் சொல் கனானிகல் வழியாகத்தான் போனது, சரி. ஆனால் பொருள்களின் படங்கள் அமேசான் சர்வரிலிருந்து நேராக வந்தன. படத்தைக் கேட்கும்போதே உங்கள் ஐ.பி. முகவரி அமேசானுக்குத் தெரிந்துவிடும். எந்தெந்தப் படம் கேட்கப்பட்டது என்பதை வைத்து என்ன தேடினீர்கள் என்றும் ஊகிக்கலாம். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் புழக்கடையைத் திறந்து வைத்த கதை. பிறகுதான் படங்களும் கனானிகல் வழியாக வரும்படி மாற்றினார்கள். 2016 ஏப்ரலில் வந்த 16.04 பதிப்பில் இந்த வசதி, நாமாகப் போட்டால் ஒழிய ஓடாது என்றாகிவிட்டது.

"பெயர் இல்லாமல்தானே எடுக்கிறோம்" என்ற சமாதானத்தை நம்புவதற்கு முன் 2006 ஆகஸ்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஆறரை லட்சம் பேரின் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் போட்டு ஆராய்ச்சிக்காக வெளியிட்டது. சில நாள்களிலேயே பத்திரிகையாளர்கள் ஓர் எண்ணுக்குப் பின்னால் இருந்த பெண்ணின் வீட்டு வாசலுக்கே போய்விட்டார்கள். அவர் தேடிய ஊர்ப் பெயர், சொந்தக்காரர் பெயர், உடம்புக்கு வந்த நோய் எல்லாமே அடையாளமாகிவிட்டன. கடைக் கம்ப்யூட்டரில் ஃபைல் தேட அடிப்பவை அதைவிட நேரடியானவை. பெயரையேதான் அடிக்கிறோம்.

வசதி வேண்டும் என்பவர்களின் பேச்சிலும் உண்மை உண்டு. ஃபைல் எங்கே, நெட் எங்கே என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத பெரியவருக்கு ஒரே பெட்டியில் எல்லாம் கிடைப்பது பெரிய உதவி. ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துபவர் வானிலையையும் விருந்தினர் பட்டியலையும் ஒரே இடத்தில் தேடினால் குற்றமில்லை. அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அவரவர் விருப்பம். ஆனால் அடுத்தவர் காகிதங்களை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் வேறு வகை. ஆடிட்டர் ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, கிளினிக் வரவேற்பு, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசு டிசைனும் வியாபாரிகள் கணக்கும் இருக்கும் கம்ப்யூட்டர், இவற்றிலெல்லாம் இணையத் தேடலை மூடித்தான் வைக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எந்த வேலைக்கென்று சொல்லிச் சம்மதம் வாங்கினோமோ அந்த வேலைக்கு மட்டும் தரவைப் பயன்படுத்தச் சொல்கிறது.

"வேண்டாமென்றால் ஆஃப் செய்துகொள்ளலாமே" என்ற பதிலுக்கும் ஒரு எதிர்க்கேள்வி உண்டு. ஐரோப்பிய டிஜிட்டல் சந்தைச் சட்டத்துக்காக 2024 மார்ச் முதல் அங்குள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் ஸ்டார்ட் மெனுவின் பிங் தேடலை நேராகவே நீக்க வழி கொடுத்திருக்கிறார்கள். அதே விண்டோஸை அஸ்தம்பட்டியில் வாங்கினால், விண்டோஸின் உள் அமைப்புகளெல்லாம் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. ஆக, தொழில்நுட்பத்தில் இதற்கு எந்தத் தடையும் இல்லை.

விண்டோஸில் மூடுவது

முதலில் எளிதானவை. விண்டோஸ் 11 செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சர்ச் பர்மிஷன்ஸ். புதிய அப்டேட் வந்த கம்ப்யூட்டர்களில் பெயர் வெறும் சர்ச் என்றும் இருக்கலாம். அங்கே கிளவுட் கன்டென்ட் சர்ச் என்பதில் உள்ள இரண்டு ஸ்விட்சுகளையும், ஷோ சர்ச் ஹைலைட்ஸ் என்பதையும் ஆஃப் செய்யுங்கள். பலர் இத்தோடு வேலை முடிந்ததென்று நிறுத்திவிடுகிறார்கள். முடியவில்லை. கிளவுட் கன்டென்ட் என்பது உங்கள் ஒன்டிரைவ், அவுட்லுக் போன்றவற்றுக்குள் தேடுவது. ஹைலைட்ஸ் என்பது பெட்டிக்குள் வரும் அன்றைய நாள் படமும் செய்தியும். பிங் பரிந்துரை இரண்டுக்கும் கட்டுப்படாது.

அதற்கு ரெஜிஸ்ட்ரிதான் வழி. இந்த மாதிரிக் கட்டுப்பாடுகளைப் போடும் குரூப் பாலிசி எடிட்டர் என்ற கருவி ஹோம் பதிப்பில் கிடையாது என்பதால், ஹோம், புரோ இரண்டிலும் வேலை செய்யும் இந்த வழியையே பழகிக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தைத் தட்டி, ரெஜ்எடிட் (regedit) என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர். எதையும் தொடும் முன் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு காப்பி எடுத்துவையுங்கள். இடது பக்கத்தில் ஹெச்கீ கரன்ட் யூசர், அதற்குள் சாஃப்ட்வேர், அதற்குள் பாலிசீஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் விண்டோஸ் என்று இறங்குங்கள். அந்த விண்டோஸ் மேல் வலது கிளிக், நியூ, கீ. பெயர் எக்ஸ்ப்ளோரர். ஏற்கெனவே இருந்தால் புதிதாக வேண்டாம். அதைத் திறந்து வலது பக்க வெற்றிடத்தில் வலது கிளிக், நியூ, டிவேர்டு 32 பிட் வேல்யூ. அதன் பெயர் டிஸேபிள், சர்ச், பாக்ஸ், சஜெஷன்ஸ் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி எழுதியது. கடைசி எழுத்தான எஸ் விட்டுப்போகக் கூடாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து பற்றிக் கவலை இல்லை. அதை இரட்டைக் கிளிக் செய்து மதிப்பை 1 ஆக்கி ஓகே. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

எங்கே தவறும்? பாலிசீஸ் என்ற படியைத் தாண்டிவிடுவதுதான் முதல் தவறு. சாஃப்ட்வேருக்குள் நேராகவே ஒரு மைக்ரோசாஃப்ட் உண்டு, அதற்குள்ளும் ஓர் எக்ஸ்ப்ளோரர் உண்டு. அங்கே போட்டால் ஒன்றும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. இரண்டாவது, டிவேர்டுக்குப் பதில் ஸ்ட்ரிங் வேல்யூ உருவாக்கிவிடுவது. பெயரும் மதிப்பும் சரியாக இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், டைப் என்ற பத்தியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் கடைகளில் ஆளைச் சுற்றவைக்கும். இந்த அமைப்பு ஒவ்வொரு லாகினுக்கும் தனித்தனி. முதலாளி லாகினில் செய்தால் ஆபரேட்டர் லாகினுக்குப் பொருந்தாது. ஆபரேட்டருக்கு அட்மின் அதிகாரம் இல்லையென்றால் அவருடைய பாலிசீஸ் கீயில் எழுத விண்டோஸ் விடாது. சரி, முதலாளி பாஸ்வேர்டு போட்டு ரெஜ்எடிட்டைத் திறக்கலாம் என்றால், அப்போது திறப்பது முதலாளியின் கரன்ட் யூசர், ஆபரேட்டருடையது அல்ல. திரையில் பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். சுருக்கமான வழி இதுதான்: ஆபரேட்டர் கணக்கைத் தற்காலிகமாக அட்மினாக்கி, அந்த லாகினில் நுழைந்து வேலையை முடித்து, மறக்காமல் பழையபடி ஸ்டாண்டர்டாக மாற்றிவிடுங்கள்.

பழைய வீடியோக்களில் பிங்சர்ச்எனேபிள்ட் என்ற பெயரில் 0 போடச் சொல்வார்கள். விண்டோஸ் 10இன் முந்தைய பதிப்புகளுக்கு அது சரி. இப்போதைய கம்ப்யூட்டர்களில் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒரு பக்க விளைவு உண்டு. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் தேடல் பெட்டியில் முன்பு தேடிய சொற்கள் வரிசையாக வருமே, அதுவும் நின்றுவிடும். பலர் வந்து உட்காரும் கடையில் அது நல்லதுதான்.

இன்னொரு லாபத்தையும் சொல்ல வேண்டும். மலைமேல் எஸ்டேட் ஆபீஸ்களில் மழையும் மேகமும் இறங்கினால் லைன் தள்ளாடும். அப்போது இணையப் பதிலுக்குக் காத்திருந்து தேடல் பட்டியல் திணறும். பிங்கை எடுத்துவிட்டால், கூலிக் கணக்கு ஃபைல் நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகத்தில் வரும்.

மூடியதா என்று பார்ப்பது

உலகத்தில் யாரும் வைக்காத ஒரு பெயரை அடியுங்கள். "ழொங்கு கொலுசு 7716" என்று வைத்துக்கொள்வோம். நெட் இணைப்பில் இருக்கும்போதே அடிக்க வேண்டும். சர்ச் த வெப் என்ற தலைப்பின் கீழ் அதே சொல் ஒரு வரியாக வந்தால் இன்னும் திறந்திருக்கிறது. எதுவும் கிடைக்கவில்லை என்ற பதில் மட்டும் வந்தால் மூடியாகிவிட்டது.

அதற்கும் ஒரு படி மேலே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் விண்டோஸோடு ஆர் தட்டி, ரெஸ்மான் (resmon) என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ரிசோர்ஸ் மானிட்டர் திறக்கும். நெட்வொர்க் தாவலில் எந்தெந்த நிரல் இணையத்தோடு பேசுகிறது என்ற பட்டியல் இருக்கும். விண்டோஸ் 11இல் தேடலின் பெயர் சர்ச்ஹோஸ்ட், விண்டோஸ் 10இல் சர்ச்ஆப். ரெஜிஸ்ட்ரியை மாற்றும் முன் ஒரு முறை, மாற்றி ரீஸ்டார்ட் செய்தபின் ஒரு முறை அதே சொல்லை அடித்து இரண்டையும் ஒப்பிடுங்கள். அனுப்பிய பைட்டுகளின் எண்ணிக்கை எழுத்துக்கு எழுத்து ஏறுவது மாற்றுவதற்கு முன் கண்ணுக்கே தெரியும்.

விண்டோஸ் இத்தோடு மௌனமாகிவிடும் என்று எண்ண வேண்டாம். அப்டேட், டயக்னாஸ்டிக் தகவல் என்று வேறு காரணங்களுக்காக அது பேசிக்கொண்டுதான் இருக்கும். டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக் பக்கத்தில் ஆப்ஷனல் என்றிருப்பதை ஆஃப் செய்யலாம். கட்டாயப் பகுதியை ஹோம், புரோ பதிப்புகளில் நிறுத்த முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்துதான் இதுவரை ஓட்டினீர்கள் என்றால், அந்தக் கணக்கின் பிரைவசி டாஷ்போர்டில் பழைய தேடல்கள் இருக்கும். அவற்றையும் அழித்துவிடுங்கள்.

ஃபைல் தேட வேறு கருவி

தினம் நூறு ஃபைல் தேடும் கடைக்கு ஸ்டார்ட் மெனுவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. எவ்ரிதிங் என்றொரு இலவச நிரல் இருக்கிறது. விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். ஃபார்மட்டில் உள்ள டிஸ்கின் ஃபைல் பட்டியலை நேராகப் படித்துக்கொள்வதால் பெயரை அடித்த மாத்திரத்தில் ஃபைல் வந்து நிற்கும். நீங்கள் அடிப்பதை வெளியே எங்கும் கேட்பதில்லை. தமிழில் வைத்த ஃபைல் பெயரையும் தேடும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், கீபோர்டு பகுதியில் ஒரு குறுக்கு விசை வைத்துக்கொண்டால் கை தானாகவே அதற்குப் பழகிவிடும். பென்டிரைவ் வேறு ஃபார்மட்டில் இருந்தால் தானாகப் பட்டியலில் சேராது. ஆப்ஷன்ஸில் இன்டெக்ஸஸ் கீழே ஃபோல்டராகச் சேர்க்க வேண்டும்.

சாதாரணமாக அது பார்ப்பது ஃபைலின் பெயரை மட்டும்தான். உள்ளே எழுதியிருப்பதைத் தேட ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபோல்டரைத் திறந்து தேடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பத்திரங்களில் யூனிகோடில் "சேலம்" என்று தேடினால் வராது. அந்த ஃபைலுக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான். அது பிரைவசிக் கோளாறு அல்ல.

பிரவுசரும் தமிழ் டைப்பிங்கும்

ஸ்டார்ட் மெனுவை மூடிவிட்டு பிரவுசரை மறந்துவிட்டால் பாதிக் கிணறுதான் தாண்டியது. கடைகளில் அடிக்கடி நடப்பது ஒன்று. விண்ணப்பத்தில் ஒட்ட வேண்டிய 12 இலக்க ஆதார் எண்ணை, கர்சர் எங்கிருக்கிறது என்று பார்க்காமல் முகவரிப் பட்டையில் ஒட்டிவிடுவார்கள். பரிந்துரை திறந்திருந்தால், அந்த எண் தேடல் நிறுவனத்துக்குப் போக என்டர் தட்ட வேண்டிய அவசியமே இல்லை.

குரோமில் செட்டிங்ஸ், யூ அண்ட் கூகுள், சிங்க் அண்ட் கூகுள் சர்வீசஸ் என்று போய் இம்ப்ரூவ் சர்ச் சஜெஷன்ஸை ஆஃப் செய்யுங்கள். என்ஹான்ஸ்டு ஸ்பெல் செக் திறந்திருந்தால், ஃபார்மில் அடிக்கும் சொற்களே கூகுளுக்குப் போகும். அதையும் மூடுங்கள். எட்ஜில் பிரைவசி, சர்ச் அண்ட் சர்வீசஸ் பகுதியில் அட்ரஸ் பார் அண்ட் சர்ச் என்பதற்குள் இதே மாதிரி ஸ்விட்ச் உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸ், சர்ச், அங்கே சர்ச் சஜெஷன்ஸ் டிக்கை எடுத்தால் போதும். ஃபயர்ஃபாக்ஸில் தேடலுக்குத் தனிப் பெட்டி வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. முகவரிக்கு ஒன்று, தேடலுக்கு ஒன்று என்று கையே பிரித்தறியும். எங்களைக் கேட்டால் எல்லா மென்பொருளுமே இப்படித்தான் இருக்க வேண்டும்.

தமிழ் டைப்பிங்கையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் "அம்மா" என்று அடித்தால் தமிழாக மாற்றித் தரும் கூகுள் இன்புட் டூல்ஸ் இணையப் பக்கம், ஒவ்வொரு சொல்லையும் சர்வருக்கு அனுப்பித்தான் மாற்றுகிறது. உயில், புகார் மனு, ஜீவனாம்ச வழக்கு என்று கடையில் அடிக்கும் எதையும் அதில் அடிக்கக் கூடாது. கம்ப்யூட்டரிலேயே நிறுவிக்கொள்ளும் என்.ஹெச்.எம். ரைட்டர், அழகி, அல்லது விண்டோஸோடு வரும் தமிழ் 99 விசைப்பலகை போதும். ஆபீஸ் நிரல்களில் ஃபைல், அக்கவுன்ட், அக்கவுன்ட் பிரைவசி, மேனேஜ் செட்டிங்ஸ் என்று போனால், எழுதியதை ஆராயும் இணைய வசதிகளை நிறுத்தலாம்.

லினக்ஸ், மேக்

உபுண்டு 12.10 முதல் 14.04 வரை இன்னும் ஓட்டும் பழைய லேப்டாப் இருந்தால் சிஸ்டம் செட்டிங்ஸ், செக்யூரிட்டி அண்ட் பிரைவசி, சர்ச் தாவலில் ஆன்லைன் முடிவுகளை ஆஃப் செய்யுங்கள். ஆனால் அவ்வளவு பழைய பதிப்பைக் கடையில் வைத்திருப்பதே பெரிய ஆபத்து. 17.10 முதல் டாஷ் போய் க்னோம் என்ற வேறு திரை அமைப்பு வந்துவிட்டது. அதில் செட்டிங்ஸ், சர்ச் என்ற இடத்தில் எந்தெந்த நிரல் தேடலுக்குப் பதில் தரலாம் என்ற பட்டியல் இருக்கும். ஃபைல்ஸ் மட்டும் விட்டு மற்றதை மூடிவிடலாம்.

மேக்கில் 2014இல் வந்த யோசெமிட்டி முதல் ஸ்பாட்லைட் பெட்டி இணையத்தைத் தொடுகிறது. சிஸ்டம் செட்டிங்ஸில் ஸ்பாட்லைட் பகுதியில் சிரி சஜெஷன்ஸ் டிக்கை எடுங்கள். ஹெல்ப் ஆப்பிள் இம்ப்ரூவ் சர்ச் இருந்தால் அதையும். சஃபாரிக்குத் தனியாக அதன் செட்டிங்ஸ், சர்ச் தாவலில் இரண்டு டிக்குகள் உண்டு.

ஃபைலுக்கு என்ன பெயர் வைப்பது

ஸ்விட்ச் ஒரு நாள் தானாகத் திறந்துகொண்டாலும் சேதம் குறைவாக இருக்க, ஃபைல் பெயரில் ஆள் பெயரே வேண்டாம். டிசம்பர் 7ஆம் தேதி வந்த பதினான்காவது வேலை என்றால் "1207-014-பான்". மாதத்தை முன்னால் வைத்தால் ஃபோல்டரில் தேதி வரிசையில் நிற்கும். எண்ணுக்கு எதிரே பெயரும் போன் நம்பரும் நோட்டுப் புத்தகத்தில். ரசீதில் அந்த எண்ணை எழுதிக் கொடுத்தால் அந்த அம்மா திரும்ப வரும்போது பெயர் அடிக்கத் தேவையே இல்லை. எண்ணைக் கேட்டு அடித்தால் ஃபைல் வந்துவிடும். ஆதார், பான் எண்களை ஃபைல் பெயரில் வைக்கவே கூடாது. வேலை முடிந்து எத்தனை நாளில் ஸ்கேன் காப்பியை அழிப்பது என்பதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

விண்டோஸின் மாதாந்திர அப்டேட் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்க நேரப்படி வெளியாகும், நமக்கு வந்து சேரும்போது செவ்வாய் இரவோ புதனோ ஆகிவிடும். அந்த வாரம் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆன மறுநாள் காலை, முதல் வாடிக்கையாளர் படியேறும் முன் ஒவ்வொரு லாகினிலும் "ழொங்கு கொலுசு 7716" என்று அடித்துப் பாருங்கள். சர்ச் த வெப் வரி வந்தால் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து அந்த 1 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு கடையைத் திறக்கலாம்.